போன நேரம்

ஒன்பது மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர் முதலில் வீட்டைக் கூப்பிடுவார், பிறகு கடவுளைக் கூப்பிடுவார், கடைசியில் மெக்கானிக்கைக் கூப்பிடுவார். மூன்று பேரில் நேரில் வந்து சேர்கிறவர் மெக்கானிக் ஒருவர்தான். அப்படி இருபத்தாறு வருடமாகக் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்தவர் இந்தக் கதையின் மெக்கானிக். கூப்பிட்டும் அவரால் போய்ச் சேர முடியாத இடம் என்று ஒன்று உண்டென்றால், அது அவருடைய அக்காவின் வீடு.

அக்கா பதினான்கு வருடத்துக்கு முன் மாமாவோடு கடல் தாண்டிப் போய் அங்கேயே வேரூன்றிவிட்டவர். ஞாயிறு தோறும் போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா, "படத்தை அணைச்சிடுடா, வீணா எதுக்கு" என்றார். தோண்டித் துருவிக் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. ஏற்கெனவே பார்வை போன ஒரு கண்ணுக்குள், விழித்திரை ஒட்டுவதற்காக வாயு ஏற்றிக் கட்டுப்போட்டு வைத்திருக்கிறார்கள். அது கரையும்வரை விமானத்தில் காலை வைக்கக் கூடாது. மறு கண்ணில் பார்வை நடுவிலிருந்து கரைந்துகொண்டு வருகிறது. ஓரம் மட்டும் மிச்சம். அதுவும் இரண்டு மாதம் தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"போன்ல உன் மூஞ்சி கட்டைவிரல் அளவுதான் இருக்கு. நேரா பார்த்தா காணாமப் போயிடுது. நீ பக்கத்துல வந்து உட்காரு. நான் சுவத்தைப் பார்த்துக்கிட்டு உன்னை ஓரமா பார்த்துக்கறேன். ஒரு தடவை போதும்."

"வரேன்க்கா" என்றார் மெக்கானிக்.

போனை வைக்கும்போதெல்லாம் அவர் சொல்வது அந்த ஒரு சொல்தான். அன்றைக்கு அது வழக்கமா, வாக்கா என்று அக்கா கேட்கவில்லை.

விசா ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று அவர் யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் பொறுப்பில் இருந்த நாற்பது லிஃப்ட்களில் ஒன்று அந்தக் கட்டிடத்தில்தான் ஓடியது. கீழே ஆறு மாடிகளில் காப்பீட்டுக் கம்பெனிகள், ஏழிலும் எட்டிலும் பல் மருத்துவர்கள், ஒன்பதில் விசா ஆபீஸ். லிஃப்டின் மெஷின் ரூம் அதற்கும் மேலே. அங்கே ஏறும் இரும்புப் படி விசா ஆபீஸ் நடைக்கூடத்தின் கோடியில் இருந்தது. ஆகவே பதினோரு வருடமாக, மாதம் ஒரு முறை, கருவிப் பெட்டியோடு அந்தக் கூடத்தைக் கடந்து போய் வந்தவர் அவர். திருகாணியால் தரையோடு முடுக்கப்பட்ட நாற்காலிகள், எல்லாம் ஒரே சுவரைப் பார்த்து இருக்கும். சுவரில் ஒரு பெரிய அருவியின் படம். உட்கார்ந்திருப்பவர்கள் பேசிக்கொள்வதில்லை. போன மாதம் பார்த்த முகம் இந்த மாதமும் அதே நாற்காலியில் இருப்பதை அவர் கவனித்திருக்கிறார். ஏதோ நிதானமான ஆபீஸ் என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

கட்டிட வாசலில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் படிவக்காரர்தான் முதல் பாடம் எடுத்தார். உறவினரைப் பார்க்கும் விசாவுக்கு ஒன்பது மாதம் ஆகும், சுற்றுலா விசாவுக்கு மூன்று வாரம். இரண்டு மாதக் கண்ணுக்கு எது பொருந்தும் என்று அவரே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்.

"அக்காவை மறந்துடுங்க. நீங்க அருவி பார்க்கப் போறீங்க. சின்ன வயசிலேருந்தே உங்களுக்கு அருவின்னா உசுரு."

அப்படியானால் அக்கா அங்கே இருப்பதை எழுதக் கூடாதா என்று கேட்டார் மெக்கானிக். எழுதாமல் விட்டால் ஆயுள் தடை என்றும், எழுதினால் அது அவரவர் தலையெழுத்து என்றும் படிவக்காரர் விளக்கினார். மெக்கானிக் எழுதினார்.

புகைப்படத்துக்கு மட்டும் ஏழு விதிகள். இரண்டு காதும் சம அளவில் தெரிய வேண்டும். சிரிக்கக் கூடாது. துயரமும் தெரியக் கூடாது, துயரம் உள்ளவன் அங்கேயே தங்கிவிடக்கூடும். படக்கடைக்காரருக்கு இதில் நல்ல பழக்கம். "தூரத்துல யாரோ பேர் சொல்லிக் கூப்பிடறாங்க. ஆனா உங்க பேர் இல்ல. அப்படிப் பாருங்க" என்றார். படம் அச்சு அசலாக அப்படியே வந்தது. வீட்டில் மனைவி அதைப் பார்த்துவிட்டு, மாலை போட்டு மாட்டுகிற படம் மாதிரி இருக்கிறது என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

விண்ணப்பம் வாங்கும் சாளரத்தில் இருந்த அம்மாள் கெட்டிக்காரி. தாள்களை விரலால் எண்ணியபடியே அருவியை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்டார். படிவக்காரர் சொல்லிக்கொடுத்த பதில் மெக்கானிக்குக் கடைசி நேரத்தில் மறந்துபோயிற்று.

"எதுவும் விழாமப் பார்த்துக்கிறதுதாம்மா என் வேலை. ஒண்ணு விழறதை நின்னு நிதானமாப் பார்த்ததே இல்ல."

அம்மாள் ஒரு கணம் தலை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முத்திரையைக் குத்தினார். அந்த ஆபீஸில் யாரோ ஒருவர் மனிதரைப் போல நடந்துகொண்டது அந்த ஒரு முறைதான். அந்த அம்மாள் அடுத்த வாரம் வேறு சாளரத்துக்கு மாற்றப்பட்டார்.

அக்காவால்தான் முதல் சிக்கல் வந்தது. சுற்றுலா என்றால் காணத்தக்கவற்றைக் காண்பது. காணத்தக்கவை எவை என்பதற்கு நான்காம் அட்டவணை இருக்கிறது. அதில் அருவி, அருங்காட்சியகம், இரண்டு பாலங்கள், ஒரு போர்க்கப்பல், மலையுச்சியில் ஒரு காற்றாலை ஆகியவை இருக்கின்றன. அக்கா இல்லை. அட்டவணையில் இல்லாததைக் காண்பது விசாவின் நோக்கத்தை மீறுவதாகும். அதைப் பணிவாக விளக்கும் கடிதம் வந்தது. எட்டு நாளுக்கும் மணிவாரியாக எதைப் பார்ப்பீர்கள் என்று எழுதித் தரும்படி அதில் கேட்டிருந்தார்கள்.

மெக்கானிக் எழுதித் தந்தார். அருவிக்குப் போகும் சாலையில்தான் அக்கா வீடு. போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாமா என்று அடியில் ஒரு வரி சேர்த்தார். பதில் ஆறே நாளில் வந்தது. பார்க்கலாம், பேருந்து நிற்காது, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளத் தடையில்லை. அக்காவுக்குப் பார்வை மங்கல், ஓடும் பேருந்தில் இருப்பவரை அவரால் பார்க்க முடியாது என்று மெக்கானிக் மறுபடி எழுதினார். அதற்கும் தெளிவான பதில் வந்தது. சுற்றுலாப் பயணி காண்பவரே தவிரக் காணப்படுபவர் அல்லர். அவரை யாரும் பார்க்க வேண்டும் என்று விதிகளில் எங்கும் இல்லை.

"நான் வாசல்ல சேர் போட்டு உட்கார்ந்துக்கறேன்டா. நீ பஸ்லேருந்து குதிச்சிடு" என்று அக்கா போனில் சிரித்தார். சிரிப்பு முடியும் முன்னே, இடது பக்க ஓரமும் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார்.

மூன்றாம் வாரம் பற்று ஆய்வாளர் வீட்டுக்கு வந்தார். ஒரு மனிதன் திரும்பி வருவான் என்பதற்கு, அவனை இழுத்துப் பிடிக்கும் பற்று இங்கே எத்தனை இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். நல்ல மனிதர், செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். மெக்கானிக் வழக்கமாக உட்காரும் நாற்காலியின் மெத்தையில் எவ்வளவு பள்ளம் விழுந்திருக்கிறது என்று சின்ன அளவுகோலால் அளந்தார். பல் துலக்கும் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மனைவியை எதிரே உட்காரவைத்து, கணவர் வெளியூர் போய்த் தாமதமாக வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

"கதவைப் பூட்டிட்டுத் தூங்கிடுவேன். சாவி அவர்கிட்ட இருக்குல்ல."

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். அவர் பிரிந்து போனால் அழுவீர்களா என்பது அடுத்த கேள்வி.

"எட்டு நாளைக்கா? வீடு சுத்தமா இருக்கும். எதுக்கு அழறேன்?"

அதையும் எழுதிக்கொண்டார். எழுந்து போகும்போது மனைவியிடம் தணிந்த குரலில், இதில் தவறாக நினைக்க ஒன்றுமில்லை, பெரும்பாலான வீடுகளில் பற்று இவ்வளவுதான் இருக்கிறது, யாரும் ஆய்வு செய்யாததால் வெளியே தெரிவதில்லை என்றார். அவர் போன பிறகு கணவனும் மனைவியும் வெகுநேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து மனைவி கதவைப் பூட்டுவதை நிறுத்திவிட்டார்.

ஐந்தாம் வாரம் நேர்காணல்.

அந்த அறை நடைக்கூடத்தின் கோடியில், மெஷின் ரூம் படிக்குப் பக்கத்தில் இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் அதிகாரி. இப்பால் ஒரு ஸ்டூல். நடுவே, கண்ணாடியில் வெட்டிய ஓட்டைக்கு நேராக மொழிபெயர்ப்பாளர். அதிகாரி இரண்டு அசை பேசினால் மொழிபெயர்ப்பாளர் இரண்டு நிமிடம் பேசினார். தலைக்கு மேலே மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. பிரேக் கொஞ்சம் தாமதமாகப் பிடிக்கிறது, அடுத்த சர்வீஸில் பார்க்க வேண்டும் என்று மெக்கானிக் மனத்தில் குறித்துக்கொண்டார்.

"இதுக்கு முன்னாடி எங்க நாட்டுக்கு வந்திருக்கீங்களாங்கிற கேள்விக்கு இல்லைன்னு எழுதியிருக்கீங்க" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"ஆமாங்க. வந்ததில்ல."

அதிகாரி ஒரு கோப்பைத் திறந்து கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தார். மெஷின் ரூம் ஆணியில் தொங்கும் சர்வீஸ் நோட்டு அது. பதினோரு வருடப் பக்கங்களும் நகலெடுத்து, எண் போட்டு, நூலால் தைக்கப்பட்டிருந்தன. அவருடைய கையெழுத்து அவருக்கு முன்பே அங்கே வந்து உட்கார்ந்திருந்தது.

மொழிபெயர்ப்பாளர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பதினோரு வருடத்துக்கு முன் இந்த மாடியை வாடகைக்கு எடுத்த அன்றே இது அந்த நாட்டு மண்ணாகிவிட்டது. மொட்டை மாடியும் மெஷின் ரூமும் அதில் சேர்த்தி. எல்லை எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஓடுகிறது. விண்ணப்பம் போட வருகிறவர்களுக்குக் கீழே தரும் டோக்கன்தான் அன்றைய அனுமதி. கருவிப் பெட்டியோடு வந்தவருக்கு யாரும் டோக்கன் தரவில்லை, அவரும் கேட்கவில்லை.

"லிஃப்ட் தொங்கற வடம் எங்களுது. அது இறங்கற குழி உங்களுது" என்றார். அடுத்த தெருவில் குடியிருக்கும் அவர், 'எங்களுது' என்று சொல்லும்போது முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

லிஃப்ட் நடுவில் நின்றால் உள்ளே இருப்பவர் எந்த நாட்டில் இருப்பதாகக் கணக்கு என்று மெக்கானிக் கேட்டார். கிண்டலுக்குக் கேட்கவில்லை, தொழில் அக்கறையில் கேட்டார். கால் எங்கே இருக்கிறதோ அங்கே என்று பதில் வந்தது.

"ஆக நூத்து முப்பத்திரண்டு தடவை அனுமதி இல்லாம உள்ள வந்திருக்கீங்க. அதுகூடப் பெரிசில்ல. வேலையா வந்தீங்க, மன்னிக்கலாம். நீங்க போகவே இல்லையே, அதுதான் பிரச்சினை."

நோட்டில் நான்கு கட்டங்கள் உண்டு. தேதி, வந்த நேரம், செய்த வேலை, போன நேரம். நான்காவது கட்டத்தில் அவர் ஒருநாளும் நேரம் எழுதியதில்லை. அவர் மட்டுமல்ல, அவருடைய கம்பெனியில் எந்த மெக்கானிக்கும் எழுதுவதில்லை. லிஃப்ட் தொழிலில் 'போனது' என்றால் வடம் அறுந்து கீழே போனது என்று அர்த்தம். அந்தச் சொல்லை எழுதிவிட்டு எவன் நிம்மதியாகப் படி இறங்குவான்? அதனால் எல்லோரும் அந்தக் கட்டத்தில் எழுதுவது ஒன்றேதான். வீட்டு வாசலில் சொல்வதை அப்படியே எழுதுவார்கள்.

மொழிபெயர்ப்பாளர் ஒரு பக்கத்தை எடுத்து உரக்கப் படித்தார். "வந்தேன். ரோலர் மாற்றினேன். எண்ணெய் விட்டேன். வரேன்." இன்னொரு பக்கம். "வந்தேன். பிரேக் பார்த்தேன். வரேன்." அடுத்த பக்கம். "வந்தேன். கோளாறு இல்லை. வரேன்." நூற்று முப்பத்திரண்டையும் அவர் படிக்கவில்லை. ஆனால் படித்தவரையிலேயே மெக்கானிக்குத் தன் கையெழுத்து யாரோ அந்நியருடையதைப் போலக் கேட்கத் தொடங்கியது.

"ஒவ்வொரு தடவையும் ரெண்டு முறை வந்திருக்கீங்க. மொத்தம் இருநூத்து அறுபத்துநாலு வருகை. வெளியேறினது சைபர். ஐயா கேக்கறார், எங்க நாட்டுல இப்ப நீங்க எத்தனை பேர் இருக்கீங்க?"

மெக்கானிக் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார். புகைப்பட விதி நினைவுக்கு வந்து உடனே நிறுத்திக்கொண்டார். வரேன் என்றால் போகிறேன் என்றுதானே அர்த்தம், உங்களுக்கே தெரியுமே என்றார்.

மொழிபெயர்ப்பாளர் பேனாவை மூடி வைத்தார். இதுவரை அதிகாரியின் குரலில் பேசியவர் இப்போதுதான் தன் குரலில் பேசினார்.

"எனக்குத் தெரியுங்க. ஆனா என் வேலை சொல்லை மாத்தறது. அர்த்தத்துக்கு நான் பொறுப்பில்ல. அர்த்தத்துக்குன்னு தனிப் பிரிவு இருந்துச்சு, ஆள் பத்தலைன்னு மூடிட்டாங்க. நானும் இந்த ஊர்க்காரன்தான். தினம் ஆறு மணிக்கு என்னைச் சட்டப்படி வெளியேத்தி முத்திரை குத்துவாங்க. காலையில புதுசா அனுமதி வாங்கி உள்ள நுழையணும். வாய் தவறி ஒரு சொல் வந்துட்டா பதிவாயிடும். அதனால வீட்டுல வரேன்னு சொல்றதை விட்டு எட்டு வருஷம் ஆச்சு. ஒண்ணும் சொல்லாம எழுந்து கிளம்பிடுவேன். முதல்ல பொண்டாட்டி அழுதா. இப்ப திரும்பிக்கூடப் பார்க்கிறதில்ல. நல்ல வேலைங்க, பென்ஷன் உண்டு."

மெக்கானிக் ஸ்டூலைக் கண்ணாடிக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அக்காவுக்கு இன்னும் மூன்று வாரம்தான் பார்வை, என்ன செய்தால் இது சரியாகும் என்று கேட்டார். அதிகாரி இரண்டு அசை பேசினார். வழி இருக்கிறது என்றார் மொழிபெயர்ப்பாளர். உள்ளே இருக்கிறவருக்கு உள்ளே வர விசா தர முடியாது. முதலில் வெளியேறியதாக ஆக வேண்டும். நூற்று முப்பத்திரண்டு கட்டங்களையும் திருத்த முடியாது, அது ஆவணத்தைத் திருத்திய குற்றமாகிவிடும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே உறுதிமொழி போதும். 'போனேன்' என்று எழுதினால் செல்லாது. போனவன் மறுபடி வந்திருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு அதில் இடமிருக்கிறது. வினை முற்றாக முடிந்திருக்க வேண்டும். ஆகவே, 'நான் போய்விட்டேன்.'

மெக்கானிக்குக் கை கூசியது. உயிரோடு இருக்கிறவன் எழுதுகிற வாசகமா இது என்றார். இலக்கணப்படி இதுதான் சரி என்றார்கள்.

உறுதிமொழியின் இரண்டாம் பகுதியில், அந்த நாட்டையோ அதன் மண்ணில் இருப்பவரையோ நோக்கி 'வரேன்' என்ற சொல்லை எழுத்தாலோ பேச்சாலோ தொலைபேசியாலோ இனி பயன்படுத்துவதில்லை என்றிருந்தது. மீறினால் விண்ணப்பம் தள்ளப்படும், அங்கே உள்ள உறவினரின் குடியிருப்பு உரிமையும் மறு ஆய்வுக்கு எடுக்கப்படும். மெக்கானிக் அந்த வரியை இரண்டு முறை படித்தார். பதினான்கு வருடத்துக்குப் பின், பாதிக் கண்ணோடு, அக்காவை எந்தக் கூடத்தில் உட்காரவைப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தார். தரையோடு முடுக்கிய நாற்காலி கண் முன் வந்தது. இரண்டு இடத்தில் கையெழுத்திட்டார்.

எழுந்து நின்றதும் வாய் தானாகத் திறந்தது. மொழிபெயர்ப்பாளர் கண்ணால் எச்சரித்தார். மெக்கானிக் ஒன்றும் சொல்லாமல் வெளியேறினார்.

ஒன்பது நாள் ஓடியது, ஒரு சத்தமும் இல்லை. வாய் தவறி அந்தச் சொல் வந்துவிடுமோ என்று இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அக்காவுக்குப் போன் செய்யவில்லை. பத்தாம் நாள் கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் கூப்பிட்டு, அந்தக் கட்டிடத்துக்கு இனி வேறு ஆள் போவார் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில் ஏதோ தப்பு இருக்கிறது என்று மெக்கானிக்குப் பட்டது. அன்றே விசா ஆபீஸுக்குப் போனார். டோக்கன் இயந்திரத்தில் விண்ணப்ப எண்ணை அழுத்தினால் வெற்றுத் தாள் வந்தது. சாளரத்தில் புதிதாக உட்கார்ந்திருந்த பெண் எண்ணைப் பார்த்துவிட்டுச் சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

"இந்த விண்ணப்பதாரர் சம்பந்தமா நீங்க வரக் கூடாதுங்களே. வாரிசுதான் வரணும்."

"விண்ணப்பதாரரே நான்தாம்மா."

"ஆழ்ந்த அனுதாபங்க" என்றார் அந்தப் பெண், உண்மையான வருத்தத்தோடு.

நடைக்கூடத்தில் மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பிடித்தார். அவர் சுவரோடு ஒட்டி நின்று, உதட்டை அதிகம் அசைக்காமல் பேசினார். உறுதிமொழி பதிவுப் பிரிவுக்குப் போயிருக்கிறது. அங்கே அதைப் படர்க்கையில் எழுதி, 'மேற்படி நபர் போய்விட்டார்' என்று பதிவு செய்திருக்கிறார்கள். அதை மொழிபெயர்த்தபோது இறந்துவிட்டார் என்று ஆகிவிட்டது.

"வரேன்னா வரேன்னுதான் அர்த்தம்னீங்க. சொல்லுக்குச் சொல்லுன்னீங்க. இப்ப மட்டும் எப்படி?"

"அர்த்தப் பிரிவைப் போன வாரம் திறந்துட்டாங்க" என்றார் மொழிபெயர்ப்பாளர். "உங்களுதுதான் முதல் கேஸ். ரொம்ப நல்லா பண்ணியிருக்காங்கன்னு ஐயா பாராட்டினார்."

இதைத் திருத்த முடியாதா என்றார் மெக்கானிக். முடியும். இறந்தவர் இறக்கவில்லை என்பதற்கு வாரிசு மனுக் கொடுக்க வேண்டும். வாரிசு என்று நிரூபிக்க இறப்புச் சான்றிதழ் இணைக்க வேண்டும். சொல்லிக்கொண்டே வந்தவர் மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார். இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. அதைத் தரையைப் பார்த்துச் சொன்னார். அங்கே இருக்கும் நெருங்கிய உறவினருக்கு அதிகாரபூர்வமாகத் தகவல் அனுப்புவது இந்த ஆபீஸின் மரபு. முத்திரை போட்ட கடிதம் அன்றே அனுப்பியாயிற்று. தாமதமே இல்லாமல் நடக்கும் வேலை இங்கே அது ஒன்றுதான்.

கீழே இறங்கும் முன் மெக்கானிக் இரும்புப் படி ஏறி மெஷின் ரூமுக்குப் போனார். யாரும் தடுக்கவில்லை. இல்லாத ஆளைத் தடுக்க விதி இருக்கவில்லை போலும். ஆணியில் சர்வீஸ் நோட்டு தொங்கியது. கடைசியாக அவர் எழுதியிருந்த 'வரேன்' சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. போன நேரம் என்ற கட்டத்தில், அவர் உறுதிமொழியில் கையெழுத்திட்ட அன்றைய தேதியும் மணியும் நிமிடமும் குண்டு குண்டான எழுத்தில் நிரப்பப்பட்டிருந்தன. பதினோரு வருடத்தில் அந்தக் கட்டத்தில் ஏறிய முதல் நேரம் அது. மோட்டார் ஓடி நின்றது. பிரேக் அரை நொடி தாமதமாகப் பிடித்தது. அதைச் சரிசெய்ய அவர் கை நீட்டினார். பிறகு கையை மடக்கிக்கொண்டார்.

அன்று மாலையே அக்காவுக்குப் பல முறை போன் செய்தார். யாரும் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, அவர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் மணி அடித்தது. மனைவி சாப்பாட்டு டப்பாவை மூடியபடி பக்கத்தில் வந்து நின்றார்.

"இந்த நம்பர்லேருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கிறது யாரு?" என்றது அக்காவின் குரல்.

"நான்தான்க்கா."

மாமா பக்கத்தில் இருமுவது கேட்டது. இணைப்பில் வேறொரு சின்னச் சத்தமும் இருந்தது. மாடியில் லிஃப்ட் நிற்கும் முன் உள்ளே ரிலே என்கிற மின் சுவிட்ச் ஒட்டிக்கொள்ளும் சத்தத்தைப் போன்ற ஒன்று. விண்ணப்பம் போட்ட நாளிலிருந்தே அது இருக்கிறது. மெக்கானிக் இப்போதுதான் அதைக் கவனித்துக் கேட்டார்.

"கடுதாசி வந்துச்சு" என்றார் அக்கா. "மாமா படிச்சார். நான் நம்பல. முத்திரை இருக்குன்னார். தடவிப் பார்த்தேன், மேடா இருந்துச்சு."

அது ஆபீஸ்காரர்கள் செய்த குளறுபடி என்று மெக்கானிக் சொன்னார். வரிசையாக எல்லாவற்றையும் சொன்னார். நோட்டு, கட்டம், மொழிபெயர்ப்பு, உறுதிமொழி. சொல்லச் சொல்ல, உண்மை இவ்வளவு பொய்போலக் கேட்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. அக்கா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நேத்தும் இப்படித்தான் ஒருத்தன் பேசினான். ஆறுதல் சொல்ற ஆபீஸ்லேருந்தாம். மாமா என்னைச் சமாதானப்படுத்த யாரையாவது பேச வைப்பார்னு எனக்குத் தெரியாதா? கண்ணு இருந்தா ஒரே பார்வையில பார்த்துச் சொல்லிடுவேன்."

"ஓரத்துல தெரியுமேக்கா?"

"முந்தாநாள் அதுவும் அணைஞ்சிடுச்சு."

மனைவியின் கையில் டப்பா மூடி சரியாகப் பொருந்தாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"குரல் அவன் குரல் மாதிரிதான் இருக்கு" என்றார் அக்கா. "நீ அவன்தான்னா ஒண்ணே ஒண்ணு பண்ணு. போனை வைக்கறப்போ அவன் ஒண்ணு சொல்லுவான். பதினாலு வருஷமா ஒரு தடவைகூட அதைச் சொல்லாம வச்சதில்ல. அதைச் சொல்லிட்டு வை. நான் நம்பறேன்."

மெக்கானிக் வாயைத் திறந்தார். ரிலே ஒட்டும் சத்தம் மிகத் துல்லியமாக, காதுக்கு மிக அருகில் கேட்டது. அதற்குப் பின், அக்காவும் மாமாவும் அல்லாத யாரோ நடுவில் மூச்சை அடக்கிக் காத்திருப்பதைப் போன்ற அமைதி. மேசையில் உறுதிமொழியின் நகல் இருந்தது. இரண்டாம் பகுதி. அங்கே உள்ள உறவினரின் குடியிருப்பு உரிமை. பார்வை போன ஒரு பெண், முடுக்கிய நாற்காலி, தெரியாத அருவியின் படத்தைப் பார்த்தபடி.

"அக்கா" என்றார். "அக்கா, வந்து..."

அதற்கு மேல் நாக்கு எழவில்லை. மனைவி அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். சொல்லுங்க, சொல்லித் தொலைங்க என்று உதட்டை மட்டும் அசைத்தார். மெக்கானிக் கண்களை இறுக மூடிக்கொண்டு தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

மறுமுனையில் அக்கா இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு முகத்தைப் போனிலிருந்து திருப்பி மாமாவிடம் சொன்னது தூரத்தில் கேட்டது.

"அவன் இல்லைங்க."